த்ரோ போட்டால் கேனரி சோதனை எங்கே போகிறது?

#1 அரைத்தூக்கம்

வணக்கம் மக்களே. ஒரு சின்ன சோதனை பண்ணிப் பார்த்தேன், குழப்பம்தான் மிச்சம்.

உபுண்டு, ஜிசிசி 11, சி++. 64 பைட் பஃபர் ஒன்றை லோக்கலாக வைத்திருக்கும் ஃபங்ஷன். வரும் டேட்டாவை அதில் எழுதும், வடிவம் சரியில்லை என்றால் ரன்டைம் எரர் ஒன்றைத் த்ரோ பண்ணும். மெயினில் ட்ரை-கேட்ச் இருக்கு. ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங் ஆன் (பஃபர் வழிந்தால் கண்டுபிடிக்க ஸ்டாக்கில் கேனரி என்ற காவல் எண்ணை வைக்கும் கம்பைலர் ஃப்ளாக்). ஃபோர்ட்டிஃபை (மெம்காப்பி மாதிரி ஃபங்ஷன்களில் அளவைப் பார்க்கும் சோதனை) குறுக்கே வரக் கூடாதுன்னு மெம்காப்பி போடாமல் கையாலேயே லூப் எழுதினேன். ஃபங்ஷன் இன்லைன் ஆகாமலும் (கூப்பிட்ட ஃபங்ஷனுக்குள்ளேயே கம்பைலர் அதன் கோடை ஒட்டிவிடாமலும்) பார்த்துக்கொண்டேன்.

வேண்டுமென்றே 72 பைட் எழுதிவிட்டு ஒழுங்காக ரிடர்ன் ஆனால் "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டெட்" என்று கத்திவிட்டு அபார்ட் ஆகுது. எதிர்பார்த்ததுதான். அதே 72 பைட்டை எழுதிவிட்டு த்ரோ பண்ணினால் மெயினில் இருக்கிற கேட்ச் அழகாகப் பிடிக்குது, மெசேஜ் பிரிண்ட் ஆகுது, எக்ஸிட் கோட் 0. ஒன்றுமே நடக்காத மாதிரி! சரி, இன்னும் மோசமாக்கலாம் என்று 160 பைட் குப்பையை எழுதித் த்ரோ பண்ணினேன். இந்தத் தடவை செக்மென்டேஷன் ஃபால்ட். ஜிடிபியில் பார்த்தால் விழுந்த இடம் என் கோட் இல்லை, ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி லைப்ரரி உள்ளே எங்கேயோ.

எங்க டீமில் "கேனரி ஆன்ல இருக்கு, பஃபர் வழிந்தாலும் அது பிடிச்சிடும்" என்கிற நம்பிக்கையில்தான் எல்லாரும் ரிவ்யூ பண்றாங்க. இதை எப்படிப் புரிஞ்சுக்கிறது?


#2 கோர்டம்ப்

தம்பி, உங்க சோதனையில் பிழை இல்லை. கம்பைலரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்யுது. கேனரி சோதனை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கு என்று டிஸ்அசெம்ப்ளியில் பாருங்க, பாதி விடை அங்கேயே இருக்கு.

ஃபங்ஷன் ஆரம்பிக்கும்போது எஃப்எஸ் செக்மென்டில் 40 பைட் தள்ளி இருக்கும் 8 பைட் ரகசிய எண்ணை எடுத்து, பஃபருக்கும் சேமித்து வைத்த ரிஜிஸ்டர்களுக்கும் நடுவில் வைக்கிறாங்க. (அதன் கீழ் பைட், அதாவது மெமரியில் முதலில் வருவது, எப்பவும் பூஜ்யம். ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள் அதைத் தாண்டிப் படிக்காமலும் எழுதாமலும் இருக்கத்தான்.) முடிவில், ஃபங்ஷனிலிருந்து திரும்பும் ரெட் இன்ஸ்ட்ரக்ஷனுக்குச் சற்று முன்னால், வைத்த எண் அப்படியே இருக்கா என்று ஒப்பிடுவாங்க. மாறியிருந்தால் ப்ராசஸை முடிச்சிடுவாங்க. உங்க ஜிசிசி 11ல் அவ்வளவுதான் கேனரி (ஜிசிசி 13 முதல் த்ரோ காலுக்கு முன்பும் ஒரு சோதனை உண்டு). முழுக்க முழுக்க அந்த ரெட்டை நம்பி இருக்கு. த்ரோ போட்ட ஃபங்ஷன் ரெட் வரைக்கும் வருவதே இல்லை.

அப்போ த்ரோ என்னதான் செய்யுது? லினக்ஸில் ஜிசிசி, க்ளாங் இரண்டும் பின்பற்றுவது இட்டானியம் சி++ ஏபிஐ (கம்பைல் ஆன கோட்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகள்). அந்த ப்ராசஸர் செத்துப் பல வருஷம் ஆச்சு, அதன் ஏபிஐ மட்டும் உயிரோட இருக்கு. அதன்படி முதலில் எக்ஸெப்ஷன் ஆப்ஜெக்டுக்கு ஹீப்பில் இடம் பிடிக்கும். ஸ்டாக்கில் வைக்க முடியாது, ஸ்டாக்கைத்தானே கலைக்கப் போகிறோம். மெமரியே தீர்ந்துபோய் த்ரோ பண்ண வேண்டி வந்தால்? அதற்கென்று ஜிசிசியின் சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ முன்கூட்டியே ஒரு அவசரக் கையிருப்பை ஒதுக்கி வைக்குது. பழைய பதிப்புகளில் மெமரி சோதிக்கும் வால்கிரைண்ட் ஓட்டும்போது நீங்க நியூவே போடாத ப்ரோக்ராமில்கூட 72,704 பைட் "ஸ்டில் ரீச்சபிள்" என்று காட்டியதே, அது இதுதான்.

அப்புறம் அன்வைண்டர் (ஃப்ரேம்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் ரன்டைம் பகுதி) ஸ்டாக்கில் இரண்டு சுற்று நடக்கும். முதல் சுற்றில் எதையும் தொடாது. ஒவ்வொரு ஃப்ரேமாக மேலே போய், "இந்த எக்ஸெப்ஷனைப் பிடிக்க யாராவது இருக்கீங்களா" என்று அந்தந்த ஃபங்ஷனின் பெர்சனாலிட்டி ரொட்டீனைக் கேட்கும். ஆள் கிடைத்த பிறகுதான் இரண்டாம் சுற்று. அதில் வழியில் உள்ள டெஸ்ட்ரக்டர்களை ஓட்டி, ஃப்ரேம்களைக் கழற்றி, கடைசியில் கேட்ச் இருக்கும் இடத்துக்குத் தாவும். இரண்டு சுற்று எதற்கு என்றால், முதல் சுற்றில் யாருமே கிடைக்கலைன்னா ஸ்டாக்கைக் கலைக்காமலே டெர்மினேட் பண்ணிடலாம். கோர் ஃபைலைத் திறந்தால் த்ரோ நடந்த இடம் அப்படியே முழுசாகத் தெரியும். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

இரண்டாம் சுற்றில் டெஸ்ட்ரக்டர் ஓடும் துண்டுகளுக்கு லேண்டிங் பேட் என்று பேர். ஆப்ஜ்டம்பில் உங்க ஃபங்ஷன் பெயரோடு ".கோல்ட்" என்று வால் ஒட்டிக்கொண்டு தனியாக ஒரு மூலையில் கிடக்கும் பாருங்க, பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அந்தத் துண்டின் கடைசியில் ரெட் இருக்காது, "அன்வைண்ட் ரெஸ்யூம்" என்ற கால் இருக்கும். ஆக அந்த வழியிலும் கேனரியை யாரும் பார்ப்பதில்லை.


#3 அரைத்தூக்கம்

அண்ணா, தெளிவாகப் புரிஞ்சுது, நன்றி. 72 பைட் கேஸ் ஓகே. கேனரி மட்டும் கெட்டுப்போச்சு, அதை யாரும் எட்டிப் பார்க்கலை. ஆனால் 160 பைட் போட்டால் லிப்ஜிசிசி உள்ளே ஏன் விழணும்? பேக்ட்ரேஸில் மேலே இருந்த பெயரில் "ஃபால்பேக் ஃப்ரேம் ஸ்டேட்" என்று ஏதோ வந்தது.


#4 கோர்டம்ப்

அந்தப் பெயரைப் பார்த்துச் சொன்னீங்களே, அதுவே போதும்.

அன்வைண்டருக்கு அடுத்த ஃப்ரேம் எது என்று எப்படித் தெரியும்? ஸ்டாக்கில் இருக்கிற ரிடர்ன் அட்ரஸைப் படிக்கும். அந்த அட்ரஸ் எந்த ஃபங்ஷனுக்குள் வருது என்று இஎச் ஃப்ரேம் டேபிளில் பைனரி சர்ச் போடும். அந்த வரியில் "சிஎஃப்ஏ என்பது ஆர்எஸ்பி கூட்டல் இத்தனை, ஆர்பிஎக்ஸ் இந்த இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கு" என்று கம்பைலர் எழுதிவைத்த குறிப்பு இருக்கும் (சிஎஃப்ஏ ஃப்ரேமின் அடிப்படை முகவரி, ஆர்எஸ்பி ஸ்டாக் பாயின்டர்). அதை வைத்து ஒரு படி மேலே போகும்.

நீங்க 160 பைட் எழுதியதில் ரிடர்ன் அட்ரஸே குப்பையாகிவிட்டது. டேபிளில் தேடினால் எதுவும் மாட்டாது. அந்த நிலையில் அன்வைண்டர் உடனே கைவிடாது. "ஒருவேளை இது சிக்னல் ஹேண்ட்லரின் ஃப்ரேமோ" என்று சந்தேகப்படும். அதை உறுதி செய்ய அந்த அட்ரஸில் உள்ள பைட்களைப் படித்து, சிக்னலிலிருந்து திரும்பும் சிக்ரிடர்ன் சிஸ்டம் காலுக்கான இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கா என்று பார்க்கும். உங்க குப்பை அட்ரஸைப் படிக்கப் போனால் செக்ஃபால்ட் வராமல் என்ன வரும்? படிக்க முடிகிற அட்ரஸாக இருந்து, அங்கே அந்த இன்ஸ்ட்ரக்ஷன் இல்லாமல் போயிருந்தால், "ஸ்டாக் முடிந்தது" என்று எடுத்துக்கொண்டு டெர்மினேட் ஆகியிருக்கும், மெயினில் கேட்ச் இருந்தும்கூட.

இப்போ இதைவிட மோசமான நிலையை யோசிச்சுப் பாருங்க. எழுதியது குப்பை இல்லாமல், வேறொரு ஃபங்ஷனில் ட்ரை ப்ளாக் நடுவில் இருக்கும் சரியான ஒரு அட்ரஸாக இருந்தால்? அன்வைண்டர் அதை நம்பி அந்த ஃபங்ஷனின் கேட்சுக்கே கொண்டுபோய் விட்டுடும். சேமித்த ரிஜிஸ்டர்களையும் தாக்குபவர் எழுதிவைத்த மதிப்புகளிலிருந்தே நிரப்பிக் கொடுக்கும். 2023 என்டிஎஸ்எஸ் பாதுகாப்பு மாநாட்டில் இதை ஒரு முழுத் தாக்குதல் முறையாகவே காட்டினாங்க, "சாப்" என்று பேர் வைத்து. உங்க டீமுக்கு அனுப்ப வேண்டியது அதைத்தான்.


#5 விண்டோஸ்வாசி

லினக்ஸ் மக்களுக்கு இது 2023ல் தெரிய வந்ததா? எங்க ஊரில் 2003லேயே பார்த்தாச்சு :)

32 பிட் விண்டோஸில் எக்ஸெப்ஷன் டேபிளில் கிடையாது, ஸ்டாக்கிலேயே இருந்தது. ட்ரை ப்ளாக் உள்ள ஒவ்வொரு ஃபங்ஷனும் நுழையும்போது இரண்டு புஷ் போடும்: ஒன்று ஹேண்ட்லர் அட்ரஸ், இன்னொன்று முந்தைய ரெக்கார்டின் அட்ரஸ். எஃப்எஸ் பூஜ்யத்தில் இந்தச் சங்கிலியின் தலை. தவறு நடந்தால் ஓஎஸ் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஹேண்ட்லரையும் கூப்பிடும். பஃபருக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபங்ஷன் பாயின்டரை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விஷுவல் ஸ்டூடியோ 2002ல் ஜிஎஸ் குக்கி வந்தது, உங்க கேனரி மாதிரியேதான். அடுத்த வருஷமே டேவிட் லிச்ஃபீல்ட் வழி காட்டிட்டார். பஃபரை நிரப்பி, குக்கியை நாசமாக்கி, ஹேண்ட்லர் அட்ரஸையும் மாற்றி, ஃபங்ஷன் ரிடர்ன் ஆகும் முன்பே ஒரு எக்ஸெப்ஷனைக் கிளப்பிடு. ரெட் வரைக்கும் போகாததால் குக்கி சோதனை நடக்காது, உன் ஹேண்ட்லர் ஓடும். அதை அடைக்கத்தான் ஹேண்ட்லர் அட்ரஸைச் சரிபார்க்கும் சேஃப்எஸ்இஎச், பிறகு விஸ்டா எஸ்பி1 காலத்தில் சங்கிலியையே சரிபார்க்கும் எஸ்இஎச்ஓபி.

64 பிட்டுக்கு வந்தபோது மைக்ரோசாஃப்ட் சங்கிலியை அடியோடு தூக்கிட்டு டேபிளுக்கு மாறினாங்க. பிடேட்டா செக்ஷனில் ஃபங்ஷனின் ஆரம்பம், முடிவு, அன்வைண்ட் தகவல், மூன்றும் படிக்க மட்டும் அனுமதி உள்ள மெமரியில். இந்த இழைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று சொல்றேன். குக்கி உள்ள ஃபங்ஷன் என்றால் அதன் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லராகவே "ஜிஎஸ் ஹேண்ட்லர் செக்" என்ற ரொட்டீனைக் கம்பைலர் பதிவு செய்யும். குக்கி ஃப்ரேமில் எங்கே இருக்கு என்ற ஆஃப்செட்டையும் அன்வைண்ட் தகவலோடு சேர்த்து எழுதிவிடும். எக்ஸெப்ஷன் அந்த ஃப்ரேமைக் கடக்கும்போது முதலில் குக்கியைப் பார்க்கும், கெட்டிருந்தால் அங்கேயே ப்ராசஸ் காலி. அரைத்தூக்கம் செய்த அதே 72 பைட் சோதனையை எம்எஸ்விசியில் 64 பிட்டுக்குக் கம்பைல் பண்ணிப் பாருங்க, கேட்ச் வரைக்கும் போகாது.


#6 அரைத்தூக்கம்

அப்படிப் போடுங்க. அப்போ ஜிசிசியில் ஏன் அதையே செய்யலை? பெர்சனாலிட்டி ரொட்டீன் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கூப்பிடப்படுது என்றுதானே கோர்டம்ப் அண்ணா சொன்னார்?


#7 கோர்டம்ப்

"ஒவ்வொரு ஃப்ரேமிலும்" என்பதில்தான் சிக்கல். பெர்சனாலிட்டி உள்ள ஃப்ரேமில்தான் கூப்பிடும். உங்க ஃபங்ஷனில் ட்ரையும் இல்லை, டெஸ்ட்ரக்டர் உள்ள லோக்கலும் இல்லை என்றால் அதற்குப் பெர்சனாலிட்டியே கிடையாது. அன்வைண்டர் ரிஜிஸ்டர்களை மீட்டுக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகும். பஃபர் வைத்திருக்கும் சி கோட் முழுக்க அந்த ரகம்.

பெர்சனாலிட்டி இருந்தாலும் அது படிக்கிற எல்எஸ்டிஏ டேபிளில் (ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் உள்ள எக்ஸெப்ஷன் குறிப்பு) கால் சைட், ஆக்ஷன், டைப் என்ற மூன்று பகுதிதான். "கேனரி இந்த ஆஃப்செட்டில் இருக்கு" என்று எழுத அதில் இடமே இல்லை. சேர்க்கணும் என்றால் ஃபார்மேட்டைத் தொடணும், பழைய லைப்ரரிகளோடு ஒத்துப்போகணும். மைக்ரோசாஃப்டுக்கு ஓஎஸ், கம்பைலர், ரன்டைம் எல்லாம் ஒரே வீட்டில். இங்கே ஜிசிசி, எல்எல்விஎம், ஜிலிப்சி, மஸ்ல், பிஎஸ்டி என்று ஆளுக்கொரு வீடு. வரவே வராது என்று சொல்லமாட்டேன், ஆனா நான் அதை நம்பிக் காத்திருக்க மாட்டேன்.


#8 வேகப்பிசாசு

இவ்வளவு தலைவலி எதுக்கு? நோ-எக்ஸெப்ஷன்ஸ் ஃப்ளாக் போட்டுட்டு எரர் கோட் ரிடர்ன் பண்ணுங்க. கூகுள் சி++ கையேடே எக்ஸெப்ஷன் வேண்டாம்னு சொல்லுது. "ஜீரோ காஸ்ட்" என்பதெல்லாம் விளம்பரம். பைனரி வீங்குது, த்ரோ பண்ணினால் ஆமை வேகம்.


#9 கோர்டம்ப்

பிசாசாரே, பாதி உண்மை.

இன்னும் சுவாரஸ்யமான ஆதாரம் நானே தர்றேன்: எக்ஸெப்ஷனுக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கோட் உருவாக்கும் எல்எல்விஎம், தன்னைத்தானே நோ-எக்ஸெப்ஷன்ஸ் போட்டுத்தான் பில்ட் பண்ணுது.

ஆனா "ஜீரோ காஸ்ட்" என்ற பேர் எதோடு ஒப்பிட்டு வந்தது என்று பாருங்க. பழைய எஸ்ஜேஎல்ஜே முறையில் ஒவ்வொரு ட்ரைக்குள் நுழையும்போதும் செட்ஜம்ப் மாதிரி ரிஜிஸ்டர்களைச் சேமித்து, ஒரு லிஸ்டில் பதிவு செய்து, வெளியே வரும்போது கழற்றணும். த்ரோவே நடக்காவிட்டாலும் அந்தக் கூலியைக் கொடுத்தே ஆகணும். டேபிள் முறையில் த்ரோ நடக்காத பாதையில் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்கூடக் கூடுதலாக ஓடாது. அதற்குப் பதிலாக, த்ரோ நடந்தால் தேடல், டேபிளைப் பிரித்துப் படிப்பது, இரண்டு சுற்று என்று மொத்தச் சுமையும் அங்கே இறங்கும். சாதாரண ரிடர்ன் நானோ விநாடியில் முடியும், த்ரோவுக்கு மைக்ரோ விநாடிக் கணக்கு. லூப்புக்குள் த்ரோ வைத்துக் கட்டுப்பாடு ஓட்டுபவருக்கு அது ஆமைதான்.

இதில் உண்மையான வலி வேறு இடத்தில் இருந்தது. டேபிளைக் கண்டுபிடிக்க அன்வைண்டர் லோட் ஆன லைப்ரரிகளின் பட்டியலைப் பார்க்கணும். அந்தப் பட்டியலுக்கு ஒரே ஒரு க்ளோபல் லாக். நிறைய கோர் உள்ள சர்வரில் பல த்ரெட் ஒரே நேரத்தில் த்ரோ பண்ணினால் எல்லாம் ஒரே வாசலில் வரிசை கட்டி நிற்கும். 2022ல் தாமஸ் நாய்மன் சி++ கமிட்டிக்கு இதைப் பற்றியே ஒரு அறிக்கை கொடுத்தார். ஜிலிப்சி 2.35ல் லாக் இல்லாமல் தேட ஒரு புது ஃபங்ஷன் வந்தது, ஜிசிசி 12 அதைப் பயன்படுத்துது. பழைய டிஸ்ட்ரோவில் அளந்துவிட்டு "எக்ஸெப்ஷன் ஸ்கேல் ஆகாது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவங்க ஒருமுறை திரும்ப அளக்கலாம்.

பைனரி வீக்கம் பற்றி: எக்ஸ்86-64ல் நோ-எக்ஸெப்ஷன்ஸ் போட்டாலும் இஎச் ஃப்ரேம் போகாது. அசிங்க்ரனஸ் அன்வைண்ட் டேபிள்ஸ் அங்கே டிஃபால்ட், வெறும் சி ப்ரோக்ராமிலேயே இருக்கும். போவது எல்எஸ்டிஏவும் லேண்டிங் பேட்களும்தான். ஃப்ளாக் போட்டுட்டு சைஸ் பார்த்து "என்னடா இன்னும் இருக்கு" என்று முழித்தவங்க நிறைய பேர்.


#10 வேகப்பிசாசு

லாக் போனது நல்ல செய்தி. என் கட்சி மாறலை, ஆனா ஜிசிசி 12ல் அளந்துட்டு வர்றேன்.


#11 அரைத்தூக்கம்

இன்னொரு கேள்வியும் இதோடு ஒட்டியது, தனி இழை வேண்டாம்னு இங்கேயே கேட்கிறேன். ஜாவாவில் முடிவில்லாத ரிகர்ஷன் போட்டால் ஸ்டாக்ஓவர்ஃப்ளோ எரர் வருது, பிடிக்கவும் முடியுது. சி++ல் அதே ரிகர்ஷன் செக்ஃபால்ட் அடிச்சு ப்ராசஸே போயிடுது. இரண்டும் ஒரே லினக்ஸ், ஒரே ஸ்டாக் தானே?


#12 காபிகோப்பை

ஜாவா பக்கம் நான் சொல்றேன். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மான ஹாட்ஸ்பாட் கம்பைல் செய்த மெத்தடின் முதல் இன்ஸ்ட்ரக்ஷனையே பாருங்க. ஆர்எஸ்பியிலிருந்து 81,920 பைட் கீழே உள்ள ஒரு முகவரியில் சும்மா ஒரு மூவ் போடும். என்ன எழுதுது என்பது முக்கியமே இல்லை, தொட்டால் போதும். 4,096 பைட் பக்கத்தில் 20 பக்கம், கணக்கு சரியா வரும். இதற்கு ஸ்டாக் பேங்கிங் என்று பேர்.

ஸ்டாக்கின் அடியில் ஜேவிஎம் "மஞ்சள்", "சிவப்பு" என்று தடை செய்த பக்கங்களை வைத்திருக்கும். (ஜாவா 9லிருந்து "ரிசர்வ்ட்" என்று இன்னொன்றும்.) அந்த மூவ் மஞ்சளில் போய் இடித்தால் சிக்னல் வரும். இதில் அழகு என்னன்னா, இடித்தது 20 பக்கம் கீழே. இப்போ நிற்கிற இடத்துக்கும் அதற்கும் நடுவில் இன்னும் நல்ல ஸ்டாக் மிச்சம் இருக்கு. சிக்னல் ஹேண்ட்லர் அந்த இடத்திலேயே ஓடி, மஞ்சள் தடையைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, எக்ஸெப்ஷனை உருவாக்கி எறிய முடியுது. பிறகு ஸ்டாக் இறங்கியதும் மஞ்சளைத் திரும்பப் போட்டுடும்.

எக்ஸெப்ஷன் பிடிப்பதும் டேபிள்தான். க்ளாஸ் ஃபைலில் ஒவ்வொரு மெத்தடுக்கும் தொடக்கம், முடிவு, ஹேண்ட்லர் இடம், டைப் என்று நான்கு காலம்.


#13 கோர்டம்ப்

சி++ல் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை என்பதுதான் வித்தியாசம். ஸ்டாக் எல்லையில் தொடக் கூடாத கார்ட் பேஜில் இடிக்கும்போது ஆர்எஸ்பியே எல்லையில் நிற்கும். கெர்னல் சிக்னல் ஃப்ரேமை வைக்க அதே ஸ்டாக்கில் இடம் தேடும், கிடைக்காது, ப்ராசஸைக் கொன்றுவிடும். அதனால் முதல் தேவை சிக்ஆல்ட்ஸ்டாக், ஹேண்ட்லருக்கென்று தனி ஸ்டாக்.

அதைப் போட்டு ஹேண்ட்லருக்குள்ளிருந்து த்ரோ பண்ணினால்? அடுத்த சுவர். எல்எஸ்டிஏவின் கால் சைட் டேபிளில் கால் இன்ஸ்ட்ரக்ஷன்கள் மட்டும்தான் பதிவாகும், ஏனென்றால் எக்ஸெப்ஷன் கால் வழியாகத்தான் வரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. உங்க செக்ஃபால்ட் ஒரு சாதாரண ஸ்டோரில் வந்தது. எல்எஸ்டிஏ உள்ள ஃபங்ஷனில் அந்த இடம் எந்த வரியிலும் இல்லை என்றால் பெர்சனாலிட்டி நேராக டெர்மினேட் என்று முடிவு பண்ணும். இதை மாற்றத்தான் நான்-கால்-எக்ஸெப்ஷன்ஸ் என்ற ஃப்ளாக். ஜிசிசியின் ஜாவா கம்பைலரான ஜிசிஜே இருந்த காலத்தில் நல் பாயின்டர் எக்ஸெப்ஷனைச் செக்ஃபால்டிலிருந்து எறிய இதைத்தான் பயன்படுத்தினாங்க. ஜிசிசி 7ல் ஜிசிஜேயையே தூக்கிட்டாங்க.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம், எனக்குப் பிடித்தது என்பதால் சொல்லிடறேன். அன்வைண்டர் டேபிளில் தேடும்போது ரிடர்ன் அட்ரஸிலிருந்து 1 கழித்துத் தேடும். திரும்பி வராத ஃபங்ஷனைக் கூப்பிடும் கால் ஒரு ஃபங்ஷனின் கடைசி இன்ஸ்ட்ரக்ஷனாக இருந்தால், ரிடர்ன் அட்ரஸ் அடுத்த ஃபங்ஷனுக்குள் போய் விழுந்துவிடும் அல்லவா? ஆனா சிக்னல் வந்த ஃப்ரேமில் உள்ள அட்ரஸ் ரிடர்ன் அட்ரஸ் இல்லை, தவறு நடந்த இன்ஸ்ட்ரக்ஷனே அதுதான். அங்கே 1 கழித்தால் தப்பான வரி வரும். அதனால் சிக்னல் ஃப்ரேமுக்கு இஎச் ஃப்ரேமில் தனியாக ஒரு எழுத்துக் குறி உண்டு.

அடா மொழியில் ஸ்டாக் தீர்ந்தால் ஸ்டோரேஜ் எரர் எழணும் என்று தரநிலையே சொல்லுது. ஜிசிசியின் பழைய ஸ்டாக்-செக் ஃப்ளாக் முக்கியமாக அடாவுக்காக இருந்ததுதான். அதுவும் ஜாவா மாதிரியே தேவைக்கு மேல் தள்ளித் தொட்டு, ஹேண்ட்லர் ஓட இடம் விட்டுவைக்கும்.


#14 விண்டோஸ்வாசி

குறுக்கே ஒரு கேள்வி. எங்க பக்கம் ஒரு பக்கத்துக்கு மேல் லோக்கல் இருந்தால் கம்பைலர் "சிஎச்கேஎஸ்டிகே"வைக் கூப்பிட்டு ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுக்கொண்டே இறங்கும். விண்டோஸில் கார்ட் பேஜைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் கமிட் ஆகும், அதைத் தாண்டிக் குதித்தால் ஆக்ஸஸ் வயலேஷன். லினக்ஸில் இது இல்லாமல் இத்தனை வருஷம் எப்படி ஓட்டினீங்க?


#15 கோர்டம்ப்

ஓட்டினோம், 2017 ஜூன் வரைக்கும் :( க்வாலிஸ் பாதுகாப்பு நிறுவனம் "ஸ்டாக் க்ளாஷ்" என்ற ஓட்டையை வெளியிட்டாங்க. கார்ட் ஒரே ஒரு பக்கம், 4 கேபி. பெரிய லோக்கல் அரேயோ அல்லோகாவோ அதைத் தொடாமலே தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற ஹீப்பிலோ எம்மேப்பிலோ போய் உட்கார்ந்துவிடலாம். கெர்னலில் அவசரமாக இடைவெளியை 256 பக்கம், அதாவது 1 எம்பி ஆக்கினாங்க. நிரந்தரத் தீர்வு கம்பைலர் பக்கம். பழைய ஸ்டாக்-செக் இதற்குப் பொருந்தாது என்று தெரிந்து, ஜிசிசி 8ல் ஸ்டாக்-க்ளாஷ்-ப்ரொடெக்ஷன் வந்தது, க்ளாங் 11லும் வந்தது. உபுண்டு 19.10 முதல் டிஃபால்ட்.

அரைத்தூக்கம், 20,000 பைட் லோக்கல் அரே ஒன்று போட்டு டிஸ்அசெம்ப்ளி பாருங்க. ஆர்எஸ்பியில் 4,096 கழிக்கும், உடனே அந்த இடத்தில் பூஜ்யத்தை "ஆர்" பண்ணும். பூஜ்யத்தோடு ஆர் பண்ணினால் மதிப்பு மாறாது, ஆனா பக்கம் தொடப்படும். திரும்ப 4,096, திரும்ப ஆர்.


#16 கோபர்

கோ மொழியில் ஸ்டாக் வளர்வது, தீர்வது ரெண்டுமே வேற கதை. ஒவ்வொரு ஃபங்ஷனும் நுழையும்போது எஸ்பியை ஆர்14ல் இருக்கிற ஜி ஸ்ட்ரக்டின் 16வது பைட்டில் உள்ள ஸ்டாக்கார்டோடு ஒப்பிடும். பத்தலைன்னா மோர்ஸ்டாக் போய் இரண்டு மடங்கு புது ஸ்டாக் எடுத்துப் பழசை அப்படியே காப்பி பண்ணி, ஸ்டாக்கைக் காட்டுற பாயின்டரை எல்லாம் திருத்தும். கோரொட்டீன் (கோவின் இலகுவான த்ரெட்) 2 கேபியில் ஆரம்பிக்க முடியுதுன்னா இதனாலதான். முன்னாடி துண்டு துண்டாச் சேர்த்தாங்க. துண்டு எல்லையில் ஒரு லூப் மாட்டினா ஒவ்வொரு காலுக்கும் ஒதுக்கு, விடு, ஒதுக்கு, விடு. கோ 1.3ல் அதை விட்டுட்டாங்க.

ஆனா 64 பிட்டில் 1 ஜிபி எல்லையைத் தாண்டினா ரெகவர் வேலைக்கு ஆகாது, நேரா ஃபேட்டல். ஜாவா மாதிரி பிடிக்க முடியாது.


#17 சால்டரிங்

நாங்க மைக்ரோகன்ட்ரோலர்காரங்க, எங்களுக்கு மெமரியைப் பக்கம் பக்கமாகக் காக்கும் எம்எம்யூவே கிடையாது, கார்ட் பேஜ் பற்றிப் பேசினா பெருமூச்சுதான் வருது. கார்டெக்ஸ் எம்33ல் ஸ்டாக் லிமிட் ரிஜிஸ்டர் வந்த பிறகு கொஞ்சம் நிம்மதி, எஸ்பி எல்லைக்குக் கீழே போனா ஹார்ட்வேரே ஃபால்ட் கொடுக்கும். அதற்கு முன்னாடி ஸ்டாக் முழுக்கத் தெரிந்த ஒரு பேட்டர்னை நிரப்பிவைத்து எவ்வளவு அழிஞ்சிருக்குன்னு பார்ப்பதுதான் வழி.

எல்லோருக்குமே உதவும் ஒன்று: ஜிசிசியில் ஸ்டாக்-யூசேஜ் ஃப்ளாக் போட்டா ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை பைட் ஸ்டாக் தின்னுதுன்னு தனி ஃபைலில் எழுதித் தரும். ரிகர்ஷனும் ஃபங்ஷன் பாயின்டரும் இருந்தா மொத்தக் கணக்கு போட முடியாது, ஆனா யார் பெருந்தீனிக்காரன்னு தெரிஞ்சுடும்.


#18 அரைத்தூக்கம்

எல்லாருக்கும் பெரிய நன்றி. இப்போ நடைமுறைக்கு வர்றேன். எக்ஸெப்ஷனை விட முடியாது, கோட் முழுக்க இருக்கு. பஃபர் வைத்திருக்கும் பார்சர் ஃபங்ஷன்களில் கேனரியும் வேலை செய்யணும். என்ன செய்யலாம்?


#19 கோர்டம்ப்

முதல் வேலை, நீளத்தைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்க. சிரிக்காதீங்க, கேனரி என்பது எழுதி முடித்த பிறகு வரும் பிரேதப் பரிசோதனை. டெஸ்ட் பில்டில் அட்ரஸ் சானிடைசர் போடுங்க, 65வது பைட்டை எழுதும் நொடியிலேயே பிடிக்கும், த்ரோவுக்குக் காத்திருக்காது.

ப்ரொடக்ஷனுக்கு: பஃபர் இருக்கும் ஃபங்ஷன் எக்ஸெப்ஷனைத் தன் எல்லைக்கு வெளியே விடாதபடி எழுதுங்க. அதற்குள்ளேயே கேட்ச் பண்ணி, எரர் கோடாக ரிடர்ன் ஆகட்டும். மேலே இருக்கிற பஃபர் இல்லாத ரேப்பர் அந்தக் கோடைப் பார்த்துத் திரும்பத் த்ரோ பண்ணட்டும். ஏன் இது வேலை செய்யும் என்று பாருங்க. வழிதல் மேல்நோக்கித்தான் போகுது. கீழே உள்ள ஃபங்ஷன் த்ரோ பண்ணினால் அதன் ஃப்ரேம் கெடாமல் இருக்கும், அன்வைண்டர் பஃபர் உள்ள ஃப்ரேமுக்கு நல்லபடியாக வந்து சேரும். கேட்ச் அங்கேயே இருப்பதால் கெட்டுப்போன ரிடர்ன் அட்ரஸைத் தொடவே தேவையில்லை. கேட்ச் முடிந்து ஃபங்ஷன் சாதாரணமாக ரெட்டுக்கு வரும், வழியில் கேனரியைத் தாண்டித்தான் ஆகணும்.


#20 அரைத்தூக்கம்

மாற்றி எழுதிப் பார்த்தாச்சு. 72, 160 இரண்டுக்குமே "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டெட்". ஆனா ஓ3 (வேகத்துக்கான ஆப்டிமைசேஷன் ஃப்ளாக்) போட்டதும் 72 பைட் கேஸ் மறுபடி கேட்சுக்குப் போயிடுச்சு!


#21 விண்டோஸ்வாசி

பார்சரை மாற்றி எழுதும்போது நோ-இன்லைன் குறியைத் திரும்பப் போட்டீங்களா? ரேப்பருக்குள் இன்லைன் ஆகியிருந்தால் பஃபரும் கேனரியும் இப்போ ரேப்பரின் ஃப்ரேமில். அந்த ரேப்பர்தானே த்ரோ பண்ணிட்டு வெளியே போகுது.


#22 அரைத்தூக்கம்

அதேதான். குறி விட்டுப்போச்சு. போட்டதும் ஓ3லும் அபார்ட் ஆகுது. பில்டில் இதற்கு ஒரு டெஸ்ட் கேஸ் சேர்த்துட்டேன்: 72 பைட், த்ரோ, எக்ஸிட் கோட் 0 வந்தால் பில்ட் ஃபெயில்.